மீன் தொட்டி மணல்: போடும் முன் பத்து முறை கழுவணும்... போட்ட பிறகு ஏன் கழுவக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் மீன் தொட்டி கழுவும் நாள். மீன்களைப் பிடித்து ஒரு பக்கெட்டில் விட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, அடியில் கிடக்கும் மணலை அள்ளிக் குழாயடியில் அலசி, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டாயிற்று. தொட்டி பளிச்சென்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை ஒரு மீன் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. புதன்கிழமை இரண்டு மீன்கள் மிதக்கின்றன. "சுத்தமாத்தானே வச்சிருந்தோம், அப்புறம் எப்படிச் செத்துச்சு?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. 'கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்' என்று பழி அவர் மேல் விழுகிறது.

பல நேரங்களில் தவறு மீனிலும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலில்தான் இருக்கிறது. மீன் தொட்டி மணலுக்கு இரண்டு காலங்கள் உண்டு. தொட்டிக்குள் போகும்வரை அது வெறும் மண். எத்தனை முறை கழுவினாலும் நல்லது. தொட்டிக்குள் போய் ஒன்றிரண்டு மாதம் ஆகிவிட்டால் அது உயிருள்ள பொருள். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் மீனுக்குத்தான் ஆபத்து. எந்த மணலை வாங்குவது, எப்படிக் கழுவுவது, எப்போது கழுவுவதை நிறுத்துவது? வரிசையாகப் பார்ப்போம்.

மணலுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

மீன் தன் உடலில் சேரும் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. மிச்சமாகும் தீனியும், மீனின் மலமும் அழுகும்போதும் அம்மோனியாதான் வரும். ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் ஏராளம் என்பதால் அது நீர்த்துப் போய்விடும். 50 லிட்டர் தொட்டியில் அதற்கு வழியில்லை. அம்மோனியா சேர்ந்தால் மீனின் செவுள் வெந்ததுபோல் ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் பாக்டீரியாக்கள் வருகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டும் அளவு மீறினால் கெடுதல்தான். ஆனால் முதல் இரண்டைப் போல அவ்வளவு கொடியது இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே அது குறைந்துவிடும்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. ஃபில்டர் பஞ்சு, கல், கண்ணாடி, மணல் துகள் என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒரு கைப்பிடி மணலில் எத்தனை ஆயிரம் துகள்கள்! ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் ஒரே நாளில் பெருகிவிடாது. வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லத்தான் குளோரின் கலக்கிறார்கள். நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று குளோரினுக்குப் பேதம் தெரியாது. மணலையும் ஃபில்டரையும் ஒரே நாளில் அந்தத் தண்ணீரில் அலசினால் ஆறு வாரத்து உழைப்பு அரை மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடும். மீன் மட்டும் வழக்கம்போல அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது சேர்ந்து மீனைத் தாக்குகிறது. முழுத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றுவதால் வெப்பநிலையும் பி.எச். அளவும் சட்டென்று மாறும் அதிர்ச்சி வேறு.

நம்ம ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரின் பி.எச். கூடக்கூட, சூடு கூடக்கூட, அம்மோனியாவின் விஷத் தன்மையும் கூடும். உப்பேறிய போர்வெல் தண்ணீர், 30 டிகிரி வெயில் என்று இருக்கும் வீடுகளில் கொஞ்சம் அம்மோனியாவே அதிக சேதம் செய்துவிடும்.

கடையில் மணலே இல்லாமல் மீன் நல்லாத்தானே இருக்கு?

நியாயமான கேள்விதான். சென்னை கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாக மீன் கடைகள். பெரும்பாலான விற்பனைத் தொட்டிகளில் அடியில் மணல் இருக்காது, வெறும் கண்ணாடிதான். கழிவை உறிஞ்சி எடுக்க, மருந்து போட, மீனை வலையில் பிடிக்க அதுதான் வசதி. அங்கே பாக்டீரியா வேலையை ஸ்பாஞ்ச் ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரையும் அடிக்கடி மாற்றுகிறார்கள்.

ஆக, மணல் கட்டாயம் இல்லை. நல்ல ஃபில்டர் இருந்தால் மணல் இல்லாமலும் மீன் வளர்க்கலாம். ஆனால் வீட்டுத் தொட்டியில் செடி ஊன்ற வேண்டும், அடியைக் கிளறித் தின்னும் மீன் வேண்டும் என்றால் மணல் தேவை. அடிக்கண்ணாடியில் தன் நிழலையே பார்த்து மிரளும் மீன்களுக்கும் அது ஒரு நிம்மதி. போடுவது என்று முடிவுசெய்தால் எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

எந்த மணல் நல்லது, எது ஆகாது?

ஆற்று மணல்: தண்ணீரில் உருண்டு உருண்டு வந்ததால் துகளின் முனைகள் மழுங்கியிருக்கும். பெரும்பகுதி குவார்ட்ஸ் என்பதால் தண்ணீரின் தன்மையை மாற்றாது. நிறமும் மீனுக்கு இயல்பானது. நன்றாகச் சலித்துக் கழுவினால் இதைவிட நல்ல மணல் தேட வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆறு என்பது முக்கியம். சாயக் கழிவு கண்ட நொய்யல், தோல் ஆலைக் கழிவு கலந்த பாலாற்றுப் பகுதிகள் மாதிரியான இடத்து மணலில் படிந்த ரசாயனங்கள் பக்கெட் கழுவலில் போகும் என்று நம்ப முடியாது. அனுமதி இல்லாமல் ஆற்றில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. ஊரில் வீடு கட்டும் இடத்தில் மிச்சமான மணல் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் சிமென்ட் கலந்திருக்கக் கூடாது. சிமென்ட் தண்ணீரின் காரத் தன்மையைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

எம்-சாண்ட்: கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்துச் செய்வது. கட்டுமானத்துக்கு நல்ல பொருள், மீனுக்கு அப்படி இல்லை. உடைத்த கல் என்பதால் துகள்கள் கூர் கூராக இருக்கும். மாவு மாதிரி கல் தூளும் அதிகம். எத்தனை முறை அலசினாலும் வெள்ளையாகக் கலங்கிக்கொண்டே இருக்கும். அடியில் மேயாத மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டியில் வேறு வழி இல்லாவிட்டால் பயன்படுத்தலாம். தரையைத் தடவித் தின்னும் மீன் இருந்தால் வேண்டாம்.

கடல் மணல்: "பீச்ல இருந்து ஒரு கவர் அள்ளிட்டு வந்துடலாமே" என்று தோன்றும். முதலில், கடற்கரை மணலை எடுத்து வரக் கூடாது. இரண்டாவது, அதில் உப்பு மட்டும் இல்லை, பொடிந்த சிப்பியும் சங்கும் கலந்திருக்கும். உப்பு கழுவினால் போகும். சிப்பித் துகள் போகாது. அது கால்சியம் கார்பனேட். மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் ஏற்றும்.

கறுப்பு, சிவப்பு கடற்கரை மணல்: கன்னியாகுமரி முதல் தூத்துக்குடி வரை பல இடங்களில் கரையில் கறுப்பாகவும் சிவப்பாகவும் மணல் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது இல்மனைட், கார்னெட் போன்ற கன கனிமங்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் தோரியம் கொண்ட மோனசைட்டும் ஒன்று. கதிர்வீச்சுத் தன்மை உள்ள கனிமம் அது. வீட்டுத் தொட்டிக்கு அந்த மணல் வேண்டவே வேண்டாம்.

வெள்ளை மார்பிள் சிப்ஸ், கலர் கற்கள்: மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். கடையில் பளிச்சென்று தெரியும், தொட்டிக்குள் சிப்பி மணல் செய்யும் அதே வேலையைச் செய்யும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு கற்களில் மேலே பூசிய சாயம் தரமானதாக இல்லாவிட்டால் சில மாதத்தில் உரியத் தொடங்கும். வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஃபில்டர் மணல்: பலருக்குத் தெரியாத நல்ல வழி இது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகள், நீச்சல் குளச் சாதனங்கள் விற்கும் கடைகளில் சிலிக்கா மணல் கிடைக்கும். தண்ணீரை வடிகட்டுவதற்கென்றே அளவு பிரித்துச் சலித்தது என்பதால் தூசி குறைவு. 0.5 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ரகத்தைக் கேளுங்கள். சில கடைகளில் மூட்டையாகத்தான் கொடுப்பார்கள். மீன் வளர்க்கும் நண்பர்கள் இருந்தால் பிரித்துக்கொள்ளலாம்.

எந்த மீனுக்கு எந்த மணல்?

மதுரைப் பக்கம் அயிரை மீன் குழம்பு வைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு வாங்கி வந்த அயிரையைக் கொஞ்ச நேரம் பாலில் விடுவார்கள். உள்ளே இருக்கும் மண்ணை அது கக்கிவிடும் என்பதற்காக. மீனுக்குள் மண் எப்படி வந்தது? அயிரை, ஆற்று மணலை வாயில் அள்ளி, தின்ன வேண்டியதைத் தின்று வாழும் மீன். மீன் கடையில் 'லோச்' என்று விற்கும் வண்ண மீன்கள் எல்லாம் அதன் உறவினர்கள்தான்.

இந்த மாதிரி மீன்களுக்கு மணல்தான் சாப்பாட்டுத் தட்டு. லோச், கோரி கெளுத்தி போன்றவற்றுக்கு வாயருகே மெல்லிய மீசைகள் இருக்கும். அதை வைத்துத்தான் இரை தேடும். கூரான கல்லிலும் அழுக்கு சேர்ந்த அடியிலும் மேய்ந்தால் அந்த மீசை தேய்ந்து, புண்ணாகி, கிருமி தொற்றும். இவற்றுக்கு முனை மழுங்கிய மெல்லிய மணல்தான் சரி.

கோல்டு ஃபிஷ்ஷும் ஒரு வாய் மணலை அள்ளி, மென்று, துப்பிக்கொண்டே இருக்கும். பட்டாணி அளவுக் கல் போட்டால் அது வாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒன்று, எளிதாகத் துப்பக்கூடிய மணல் போடுங்கள். இல்லையென்றால் வாய்க்குள் போகவே முடியாத பெரிய கூழாங்கல் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் பிரச்சினை.

கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை கடினத் தண்ணீரையே விரும்புபவை. மணலில் கொஞ்சம் சிப்பித் துகள் இருந்தாலும் கவலைப்பட மாட்டா. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனீகா ஏரிகளின் சிக்ளிட் மீன்களுக்கு வேண்டுமென்றே பவள மணல் போடுபவர்கள் உண்டு. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் பகுதி மீன்கள் மென்மையான தண்ணீருக்குப் பழகியவை. அவற்றுக்குச் சிப்பி மணலும் மார்பிளும் ஆகாது.

நிறத்தைப் பொறுத்தவரை, பளீர் வெள்ளை வேண்டாம் என்பதே அனுபவசாலிகளின் பேச்சு. கீழிருந்து வெளிச்சம் அடித்தால் பல மீன்கள் தங்கள் நிறத்தை வெளிறச் செய்துகொள்ளும். இயல்பான பழுப்பு மணலில் அதே மீன் நல்ல நிறத்தோடு தெரியும். அழுக்கும் உடனே கண்ணை உறுத்தாது.

வாங்கும் முன் வீட்டிலேயே 4 சோதனை

கடையிலோ வீடு கட்டும் இடத்திலோ ஒரு கைப்பிடி மணல் மட்டும் முதலில் வாங்கி வாருங்கள். மூட்டை வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் செய்து பார்த்துவிடலாம். செலவு பத்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது.

1. உள்ளங்கைச் சோதனை: மேஸ்திரிகள் மணல் பார்க்கும் முறைதான். ஈர மணலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டுக் கீழே கொட்டுங்கள். கையில் சேறு மாதிரிக் கறை தங்கினால் களிமண் அதிகம். 'சுருக் சுருக்' என்று குத்தினால் துகள் கூர்மையானது. அடியில் மேயும் மீனுக்கு அந்த மணல் ஆகாது.

2. பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் மெல்லிய அடுக்காகப் படியும். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால் கழுவுவதற்குள் கை ஓய்ந்துவிடும். வேறு மணல் பாருங்கள்.

3. வினிகர் சோதனை: காய்ந்த மணலை ஒரு தட்டில் வைத்து, அது நனையும் அளவு வினிகர் ஊற்றுங்கள். நுரை பொங்கினாலோ, குமிழ் வெடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டாலோ அதில் சிப்பி அல்லது சுண்ணாம்பு இருக்கிறது. காதருகே வைத்துக் கேட்டால் சின்னச் சத்தமும் தெரியும். இதற்காகக் கழிவறை கழுவும் ஆசிட்டை எடுக்க வேண்டாம். அதன் புகை நெஞ்சை எரிக்கும். மணலிலும் மிச்சம் தங்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா? வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் ஒரு டம்ளரில் அதை ஊற்றி, கழுவிய மணலைப் போட்டு மூடி வையுங்கள். இன்னொரு டம்ளரில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர். ஒரு வாரம் கழித்து இரண்டையும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். மணல் டம்ளரில் எண் நன்றாக ஏறியிருந்தால் மணல் எதையோ கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு விஷயம்: உங்கள் தொட்டித் தண்ணீரே கடின போர்வெல் தண்ணீர் என்றால் சிப்பி அதில் அதிகம் கரையாது. ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ நிரப்பும் தொட்டியில்தான் அதன் வேலையைக் காட்டும்.

4. காந்தச் சோதனை: பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, காய்ந்த மணலில் புரட்டுங்கள். கொஞ்சம் கறுப்புத் துகள் ஒட்டுவது சாதாரணம். கொத்துக் கொத்தாக ஒட்டினால் யோசியுங்கள். ஃபில்டர் மோட்டாருக்குள் சுழலும் பகுதியே ஒரு காந்தம்தான். இந்தத் துகள்கள் அங்கே போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் சத்தம் போடும், தேயும், கடைசியில் நின்றுவிடும்.

எவ்வளவு மணல் வாங்கலாம்?

சின்னக் கணக்குதான். தொட்டியின் நீளம், அகலம், நீங்கள் விரும்பும் மணல் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் மணலின் அளவு லிட்டரில் கிடைக்கும். ஒரு லிட்டர் மணல் சுமார் ஒன்றரை கிலோ.

இரண்டடித் தொட்டி என்றால் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 4 செ.மீ. உயரம் மணல் போட 7.2 லிட்டர், அதாவது ஏறக்குறைய 11 கிலோ. செடி இல்லாத தொட்டிக்கு 2 முதல் 3 செ.மீ. போதும். செடி ஊன்றுவதென்றால் பின்பக்கம் 6 செ.மீ. வரை ஏற்றி, முன்பக்கம் சரித்து விடலாம். "நிறையப் போட்டா நல்லா இருக்கும்" என்று மெல்லிய மணலை அரை அடிக்குக் கொட்டாதீர்கள். அடியில் ஆக்சிஜன் போகாமல், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும்.

பாரத்தையும் யோசியுங்கள். 30 செ.மீ. உயரமுள்ள அந்த இரண்டடித் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 50 கிலோவைத் தொடும். மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் எடை. டி.வி. ஸ்டாண்டு தாங்குமா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

கழுவுவது எப்படி?

முதலில் சலிக்க வேண்டும். மணலை லேசாக ஈரமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த மணலைச் சலித்தால் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. மாஸ்க் போட்டுக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. பெரிய கண் சல்லடையில் கல், சிப்பி, ஆணி, வேர் எல்லாம் நின்றுவிடும். மாவு மாதிரி இருக்கும் தூளைக் கழுவும்போது தண்ணீரே கொண்டு போய்விடும்.

அடுத்து பக்கெட். முக்கியமான விதி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் மொத்த மணலையும் கழுவாதீர்கள். 2 அல்லது 3 கிலோ மட்டும் பக்கெட்டில் போடுங்கள். சோப்புத்தூள் கண்ட பக்கெட் வேண்டாம். மீனுக்கென்றே ஒரு பக்கெட் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

பாதி பக்கெட் தண்ணீர் விட்டு, அரிசி களைவதுபோலக் கையை அடிவரை விட்டுச் சுழற்றுங்கள். ஐந்து நொடி விட்டால் மணல் கீழே இறங்கும், அழுக்கு மேலே மிதக்கும். உடனே கலங்கல் தண்ணீரை மட்டும் சாய்த்து ஊற்றிவிடுங்கள். ரொம்ப நேரம் காத்திருந்தால் அழுக்கும் மணல்மேலேயே படிந்துவிடும். இப்படிப் பத்து முறை, மோசமான மணலாக இருந்தால் பதினைந்து முறை. முதலில் காபி நிறம், பிறகு டீ, பிறகு அரிசி களைந்த தண்ணீர் என்று மாறிக்கொண்டே வரும். பக்கெட் அடியில் உங்கள் விரல் தெளிவாகத் தெரிந்தால் போதும். கண்ணாடி மாதிரித் தெளிய வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள வீடுகளுக்கு ஒரு யோசனை. முதல் ஏழெட்டு கழுவலுக்கு ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவு நீரையே பயன்படுத்துங்கள். கடைசி இரண்டு கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கலங்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். கிச்சன் சிங்க்கிலும் பாத்ரூம் குழியிலும் ஊற்றினால் மணல் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

சோப்பு, டிடர்ஜென்ட், பினாயில், டெட்டால் எதுவும் வேண்டாம். மணல் துகளின் இடுக்கில் கொஞ்சம் தங்கினாலும் மீனுக்கு ஆபத்து. கிருமி பயம் இருந்தால், அலசி முடித்த மணல்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு வடித்துவிடலாம். பிறகு மொட்டை மாடியில் சுத்தமான துணி விரித்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். அலங்காரக் கற்களை மட்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்காதீர்கள். கல்லுக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி, சில கற்கள் வெடித்துச் சிதறக்கூடும்.

தொட்டிக்குள் போடும்போது

மணலைக் காலித் தொட்டியில் மெதுவாகக் கையால் பரப்புங்கள். மேலே இருந்து கொட்டினால் கண்ணாடியில் கீறல் விழும். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டின் மேல் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். பள்ளம் பறிக்காது, கலக்கமும் குறையும்.

எவ்வளவு கழுவினாலும் முதல் நாள் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். பதறி மறுபடி எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். மணல் அடியில் படியும்வரை மோட்டாரைப் போட வேண்டாம். பிறகு ஃபில்டரில் நெருக்கமான பஞ்சு வைத்து ஓடவிட்டால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். மணலுக்கு அடியில் தட்டு வைக்கும் 'அண்டர் கிராவல்' ஃபில்டர் வைத்திருப்பவர்கள் மெல்லிய மணல் போடக் கூடாது. துளை வழியே இறங்கி அடைத்துவிடும். அவர்களுக்குப் பொடிக் கல்தான் சரி.

தண்ணீர் தெளிந்த அன்றே பத்து மீன் வாங்கி விடுவது அடுத்த தவறு. தெளிந்தது தண்ணீர் மட்டும்தான். பாக்டீரியா இன்னும் வரவில்லை. ஓரிரு மீன்களோடு தொடங்கி, குறைவாகத் தீனி போட்டு, சில வாரங்களில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ ஃபில்டர் பஞ்சோ கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி அது வேலை செய்யும்.

போட்ட பிறகு சுத்தமே செய்யக் கூடாதா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் மணலை வெளியே எடுக்காமல் செய்ய வேண்டும். ஒரு ட்யூப் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரில் கால் பங்கை ட்யூப் வழியாக வெளியேற்றுங்கள். அப்படி எடுக்கும்போது ட்யூபின் வாயை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து வட்டமாகச் சுழற்றினால், கழிவு எழும்பி ட்யூபுக்குள் போகும். கனமான மணல் அடியிலேயே தங்கும். கொஞ்சம் மணல் வந்தாலும் அதை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே அலசித் திரும்பப் போட்டுவிடலாம்.

செடி இல்லாத இடங்களில் மாதம் ஒருமுறை மெல்லிய குச்சியால் மணலை இங்கும் அங்கும் லேசாகக் குத்திவிடுங்கள். உள்ளே வாயு சேராது. கறுப்புத் திட்டும் நாற்றமும் ஏற்கெனவே இருந்தால் ஒரே நாளில் முழுவதும் கிளறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள்.

ஃபில்டர் பஞ்சை, நீங்கள் வெளியே எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். புதிதாக ஊற்றும் தண்ணீரில் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுகளை அளவாக விடுங்கள். மணலையே மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் மூன்றில் ஒரு பங்காக, இரண்டு வார இடைவெளி விட்டு மாற்றுங்கள். அந்த நாட்களில் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே எல்லாத்தையும் கழுவிட்டேனே, இப்போ என்ன பண்றது?

இந்தக் கட்டுரையை மீன் மேலே வந்து மூச்சு வாங்கும் நேரத்தில் படிப்பவர்களும் இருக்கலாம். உடனே செய்ய வேண்டியவை இவை:

* ஓரிரு நாள் தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் அதைத் தாங்கும். தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும்.

* தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் நீக்கிய, தொட்டியின் அதே சூட்டில் உள்ள தண்ணீராக இருக்கட்டும்.

* காற்று மோட்டாரை 24 மணி நேரமும் ஓடவிடுங்கள்.

* நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு கொஞ்சம் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள்.

* மீன் கடையில் அம்மோனியா டெஸ்ட் கிட் கிடைக்கும். அளவு பூஜ்யத்துக்கு வரும்வரை புது மீன் வாங்காதீர்கள்.

* நோய் என்று நினைத்து நீலம், மஞ்சள் மருந்துகளைக் கண்டபடி ஊற்றாதீர்கள். மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் சில மருந்துகள் கொன்றுவிடும்.

வீட்டைக் கழுவும் கணக்கு வேறு, மீன் தொட்டியின் கணக்கு வேறு. பளிச்சென்று இருப்பதெல்லாம் மீனுக்குச் சுத்தம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிப் பக்கம் போகும்போது மணல் அள்ளும் வடிதட்டை உள்ளே வைத்துவிட்டு, ஒரு ட்யூபையும் ஒரு பக்கெட்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை மிச்சம். மீன்களும் மிச்சம்.